வயிறு உப்புனா அது டேட் வர்றதாலயா, குளூட்டன் பட்டதாலயா?

எனக்கு செலியாக்னு (கோதுமை, பார்லில இருக்குற குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா உடம்பே சிறுகுடலத் தாக்குற நோய்) தெரிஞ்சு கோதுமைய நிறுத்தி நாலு வருஷம் ஆகுது. நிறுத்துனதும் பாதிப் பிரச்சனை ஓடிப்போச்சு, மீதிப் பாதி மட்டும் மாசா மாசம் திரும்பி வந்துகிட்டே இருந்துச்சு. வயிறு பானை மாதிரி உப்பும், ரெண்டு நாள் பாத்ரூம்லயே குடியிருப்பேன், தலை கனக்கும், யார் பேசினாலும் எரிஞ்சு விழுவேன். ஒரு மாசம் "ஐயோ எங்கயோ கோதுமை பட்டிருச்சு"ன்னு அடுக்களையக் கவுத்துப் போட்டுத் தேடுவேன், அடுத்த மாசம் அதே வயிறு, "டேட் வருதுல்ல, அதான்"னு படுத்துக்குவேன். தப்பாப் பழி போட்ட மாசம்தான் அதிகம்னு பின்னாடி புரிஞ்சுது. இதப் பிரிச்சுப் பாக்க நான் கத்துக்கிட்ட வழிய எழுதுறேன். டெஸ்ட் பண்ணி செலியாக்னு உறுதியாகி, டயட்ல இருக்குறவங்களுக்குத்தான் இது சரியாப் பொருந்தும். டெஸ்ட்டே பண்ணாம நீங்களா கோதுமைய நிறுத்தியிருந்தா முதல்ல டாக்டர்கிட்ட போங்க, ஏன்னா குளூட்டன் சாப்பிட்டுகிட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் அந்த ரத்த டெஸ்ட்டும் பயாப்ஸியும் சரியான பதில் சொல்லும்.

முதல்ல எதெல்லாம் சாட்சிக்கு ஆகாதுன்னு சொல்லிடுறேன். உப்பசம், சோர்வு, தலைவலி, எரிச்சல், தூக்கம் கெடுறது, இது எல்லாம் ரெண்டுலயும் வரும். "எனக்கு இன்னைக்கு டயர்டா இருக்கு, அப்ப குளூட்டன்தான்"னு முடிவு பண்றது பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி. லூஸ் மோஷனும் அப்படித்தான், அது குளூட்டனுக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சு நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். டேட் வர்ற நேரத்துல கர்ப்பப்பை சுவர்ல இருந்து புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்கும், அதுதான் கர்ப்பப்பைய இறுக்கி அந்த வலியக் குடுக்குறது, அதே சாமான் பக்கத்துல இருக்குற குடலையும் சும்மா விடாது, அதனால முதல் ரெண்டு நாள் வயித்தால போறது செலியாக் இல்லாத பொண்ணுங்களுக்கும் சாதாரணமா நடக்குறதுதான். அதுக்கு முந்தின வாரம் நேர்மாறு, புரோஜெஸ்ட்ரான்ங்கிற ஹார்மோன் ஏறியிருக்கும், குடல் மந்தமாகும், மலச்சிக்கல், உப்பசம், ஜீன்ஸ் பட்டன் போட முடியாது.

அப்ப எத நம்புறது? நேரத்த. பீரியட்ஸ் தொந்தரவு தேதியப் பாத்து வரும், குளூட்டன் தொந்தரவு சாப்பாட்டப் பாத்து வரும். மாசம் தவறாம டேட்டுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, ரத்தம் வந்ததும் மெல்ல இறங்கி, மூணாவது நாலாவது நாளுக்குள்ள அடங்கிருச்சுன்னா, அது பெரும்பாலும் பீரியட்ஸ் பக்கம்தான். வலி அடிவயித்துல அலை அலையா வந்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும், வெந்நீர் ஒத்தடம் குடுத்தா கொஞ்சம் விடும். நடு மாசத்துல ஒரு பக்கமா மட்டும் சுருக்குனு வலிச்சு ஒரு நாள்ல போனா அது கருமுட்டை வெளிய வர்ற வலியா இருக்கலாம், அதையும் பாவம் கோதுமை மேல போடாதீங்க.

குளூட்டன் பட்டா கதை வேற. ரொம்ப நாள் கட்டுப்பாடா இருந்த செலியாக்காரங்களுக்குத் தெரியாம ஓரளவு உள்ள போயிருச்சுன்னா பல பேருக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே குமட்ட ஆரம்பிக்கும், சிலருக்கு வாந்தியே வரும், மேல்வயிறும் நடுவயிறும் பொருமும், வயித்தால போறது அதுக்கப்புறமோ மறுநாளோ வரும், அசதி சில நாள் இழுக்கும். முழங்கை, முழங்கால், பின்பக்கம் இங்கெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அரிப்போட சின்னச் சின்னக் கொப்புளம் வந்தா தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, செலியாக்கோட சேர்ந்து வர்ற தோல் நோய் ஒண்ணு இருக்கு, டேட்டுக்கு முன்னாடி முகத்துல வர்ற பரு மாதிரி இல்ல அது. இன்னொண்ணு, குளூட்டன் பட்டும் ஒண்ணுமே தெரியாதவங்களும் இருக்காங்க, அதனால "வயிறு நல்லாத்தானே இருக்கு, அப்ப அந்த ரவா கேசரி ஒத்துக்குது"ன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

இப்ப நோட்டு. ஆப் வேண்டாம்னு சொல்லல, ஆனா எனக்கு நாற்பது பக்க நோட்டுதான் வசதி. சரியா ரத்தம் வர்ற நாள ஒண்ணுன்னு எண்ணுங்க, அடுத்த டேட் வர்ற வரைக்கும் ரெண்டு, மூணுன்னு எண்ணிகிட்டே போங்க. ஒவ்வொரு நாளும் அந்த நம்பர், வீட்டுக்கு வெளியவோ அடுத்தவங்க கையாலயோ புதுசா பிரிச்ச பாக்கெட்ல இருந்தோ என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு, தொந்தரவு எப்ப ஆரம்பிச்சு எப்ப விட்டுச்சு, என்ன மாத்திரை போட்டீங்க, அவ்வளவுதான். வீட்டுல தினம் சாப்பிடுற சோறு ரசத்த எல்லாம் எழுத ஆரம்பிச்சா நாலாவது நாள் நோட்டு பரண்ல ஏறிடும். ஒண்ணும் இல்லாத நாளையும் "நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க, அத விட்டா எல்லா நாளும் கெட்ட நாள் மாதிரித் தெரியும். மூணு சைக்கிள் எழுதணும். ஒரு மாசத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, நான் பண்ணி அசடு வழிஞ்சேன், ஒரு தடவ இட்லி சாப்பிட்டு வயிறு ஊதுச்சுன்னு உளுந்தயே நிறுத்துனேன், அப்புறம் ராகிய நிறுத்துனேன், அப்புறம் பால், கடைசில மிஞ்சுனது சோறும் மோரும்தான் (மோருக்கும் ஒரு வாரம் தடை போட்டேன், வீட்டுல சிரிச்சாங்க). பின்னாடி நோட்டப் பொரட்டிப் பாத்தா நான் சந்தேகப்பட்ட ஒவ்வொரு சாப்பாடும் இருபத்தஞ்சாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் நடுவுல சாப்பிட்டது. அந்த நாலு நாள் தண்ணி குடிச்சாலும் எனக்கு வயிறு ஊதும். ஏற்கனவே கோதுமை இல்லாம சாப்பாடு சுருங்கிப்போன நமக்கு இப்படி வெட்டிகிட்டே போறது நல்லதில்ல.

இதுக்கு நேர் எதிரான தப்புதான் பெரிசு. டேட் நாள்ல நாம சாப்பிடுற சாப்பாடே மாறிடுதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. அன்னைக்கு சமைக்க முடியாது, ஹோட்டல்ல இட்லிதானேன்னு வாங்குவோம், இட்லில ஒண்ணும் இல்ல, கூட வர்ற சாம்பார்ல போட்ட டப்பா பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும், பல பெருங்காய டப்பால இத பின்னாடி பொடி எழுத்துல போட்டே இருக்காங்க. தோசைன்னா அதே கல்லுல முன்னாடி ரவா தோசையோ சப்பாத்தியோ போட்டிருப்பாங்க. இனிப்பு கேக்குதுன்னு வேஃபர் சாக்லேட், தெம்புக்குன்னு மால்ட் போட்ட பானம், மால்ட்னா பெரும்பாலும் பார்லி. ஆக குளூட்டனும் மாசம் ஒரு தடவ காலண்டர் பாத்து வந்த மாதிரி வரும், நாம "பீரியட்ஸ் வயிறு"ன்னு பேர் வச்சிருவோம்.

எனக்கு அது உளுந்தங்களி ரூபத்துல வந்துச்சு. இடுப்புக்கு பலம்னு அம்மா நெல்லைல இருந்து மாவு திரிச்சு பஸ் பார்சல்ல போட்டுவிடுவாங்க, உளுந்து, பச்சரிசி, அப்புறம் கிண்டும்போது கருப்பட்டி, நல்லெண்ணெய், இதுல எங்க இருக்கு கோதுமை? மாசா மாசம் ரெண்டாம் நாள் மூணாம் நாள் களி சாப்பிடுவேன், மாசா மாசம் வயிறு நாசம். நோட்டுலதான் மாட்டுச்சு. முதல் நாள் வயித்தால போறது சரி, ஆனா எனக்கு ரத்தம் ஏறக்குறைய நின்ன ஆறாம் நாளும் போய்கிட்டே இருந்துச்சு, அதோட களி சாப்பிட்ட அன்னைக்கு எல்லாம் ரெண்டு மணி நேரம் கழிச்சு குமட்டல்னு நானே எழுதி வச்சிருக்கேன். ஒரு மாசம் பார்சல் வரல, மூணாம் நாளே வயிறு அமைதி. அடுத்த பார்சல் லேட்டா வந்துச்சு, பதினேழாம் நாள் ஆசைக்குக் கிண்டிச் சாப்பிட்டேன், அன்னைக்கு ராத்திரியே குமட்டல், வாந்தி. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டா "நம்ம மில்லுதான்டி, எனக்கு முன்னாடி யாரோ சம்பா கோதுமை அரைச்சுட்டுப் போனாங்க, கல்லுல தங்குன மாவா உன்ன என்ன பண்ணும்"ங்கிறாங்க. அதுதான் பண்ணுச்சு. ராகி, கம்பு, தினை எல்லாத்துலயும் இயற்கையா குளூட்டன் கிடையாது, ஆனா பொது மில்லுல அரைச்சா அந்த நம்பிக்கை செல்லாது. நம்ம ஊர்ல குளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் ஒட்டணும்னாலே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி, மில்லு கல்லுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இந்த மாதிரி ரெண்டும் ஒரே நாள்ல விழுந்தா பிரிக்க ஒரே வழி, ஒண்ண மட்டும் மாத்திப் பாக்குறது. அடுத்த ரெண்டு டேட்டுக்கு அந்த அஞ்சாறு நாளும் வீட்டுச் சாப்பாடு மட்டும், வீட்டுல அரைச்ச மாவு, கோதுமை கலக்காத பெருங்காயம் இல்லன்னா பெருங்காயமே இல்லாம. அப்பவும் அதே தொந்தரவு அதே நாள்ல வந்தா பீரியட்ஸ், குறைஞ்சா குளூட்டன் ஒளிஞ்சிருந்துச்சு. தயவுசெஞ்சு தலைகீழா பரோட்டா சாப்பிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, நான் பதினேழாம் நாள் பண்ணதும் தெரியாம நடந்ததுதான், அத வழின்னு சொல்லல.

மாத்திரைய வச்சு துப்பறியிறதுல ஒரு பொறி இருக்கு. "மெஃப்டால் ஸ்பாஸ் போட்டேன் கேட்டுச்சு, அப்ப இது பீரியட்ஸ் வலி"ம்பாங்க. அதுல மெஃபனாமிக் ஆசிட் புரோஸ்டாகிளாண்டின குறைக்கிறது உண்மை, ஆனா கூடவே டைசைக்ளோமினும் இருக்கு, அது குடல் முறுக்கலையும் தளர்த்தும், அதனால குளூட்டன் வலியா இருந்தாலும் கொஞ்சம் கேக்கும். வெறும் வயித்துல போட்டா அதுவே குமட்டலும் எரிச்சலும் குடுக்கும், அதையும் போய் குளூட்டன் கணக்குல எழுதுவீங்க. மெஃபனாமிக் ஆசிட்டால அபூர்வமா தோல்ல தடிப்பு, காய்ச்சல்னு கடுமையான அலர்ஜி வரலாம்னு 2023ல மருந்துகளோட தரத்தையும் பக்கவிளைவையும் கவனிக்கிற அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரிச்சாங்க, அப்படி எதுவும் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை, செலியாக்குக்கும் அதிக ரத்தப்போக்குக்கும் சேர்த்து நம்மள்ல பாதிப் பேர் அதுலதான் இருக்கோம், மலச்சிக்கலும் கறுப்பா போறதும் அதோட வேலை, மாத்திரை ஆரம்பிச்ச தேதிய நோட்டுல குறிச்சு வைங்க.

வருஷா வருஷம் டிடிஜி டெஸ்ட் (செலியாக்ல உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருள அளக்குற ரத்த டெஸ்ட்) எடுக்குறீங்கல்ல, அதையும் இதுக்கு உபயோகப்படுத்திக்கலாம். பீரியட்ஸ் எவ்வளவு மோசமா இருந்தாலும் டிடிஜிய ஏத்தாது. டயட் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் அது இறங்காம நிக்குதுன்னா எங்கயோ குளூட்டன் வந்துகிட்டே இருக்குன்னு சந்தேகப்படணும். நார்மலா இருந்தா மட்டும் முழுசா நிம்மதி இல்ல, எப்பவாவது கொஞ்சமா படுறத அது காட்டிக் குடுக்காம விட்டுடும், முந்தாநாள் கல்யாண வீட்டுல பட்டுச்சான்னு கேட்டா அதுக்குத் தெரியாது.

குடல் டாக்டர் "இது லேடி டாக்டர்கிட்ட கேளுங்க"ம்பாங்க, லேடி டாக்டர் "உங்களுக்குத்தான் செலியாக் இருக்கே"ம்பாங்க, நடுவுல நாம பந்து மாதிரி. ரெண்டு பேர்கிட்டயும் அந்த மூணு மாச நோட்டக் காட்டுங்க, பேச்சே மாறும். மாத்திரைக்கும் கேக்காத வலி, டேட் சமயத்துல மலம் கழிக்கும்போது உயிர் போற வலி, இதெல்லாம் இருந்தா எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) இருக்குமான்னு நீங்களே வாய் விட்டுக் கேளுங்க, அதுவும் குடல் பிரச்சனை மாதிரியே வேஷம் போடும். மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை இறங்குறது, காய்ச்சலோட வயித்து வலி, நிக்காத வாந்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையிறது, டேட் தள்ளிப்போய் குமட்டல், இதுக்கெல்லாம் நோட்டு எழுதிகிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே கெளம்புங்க.

இப்ப நான் இருபத்தி மூணாம் நாள் வாக்குல ஒரு தனி டப்பா ரெடி பண்ணிருவேன், பருப்புப் பொடி, வீட்டுல வறுத்து மிக்ஸில அரைச்ச கஞ்சி மாவு, கடலை மிட்டாய், ரெண்டு நாளைக்கு ஃப்ரீசர்ல சாம்பார், டேட் அன்னைக்கு போன எடுத்து ஆர்டர் போடத் தோணாத அளவுக்கு. களிய விடல. அம்மா இப்ப உளுந்தயும் அரிசியயும் ஊறவச்சு வீட்டு கிரைண்டர்ல ஆட்டிக் கிண்டச் சொல்லிக் குடுத்திருக்காங்க, மில்லு மாவு அளவுக்கு மணம் இல்லன்னு அவங்களுக்கு இன்னும் குறைதான்.