கார்ட் மாறியது உங்கள் சோலோவில் கேட்கிறதா?

ஏ-யில் 12 பார் ப்ளூஸ் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று, ஏ7 போன்ற கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). முதல் நான்கு பார் ஏ7, அடுத்து டி7 இரண்டு, மறுபடி ஏ7 இரண்டு. ஒன்பதில் ஈ7, பத்தில் டி7, பதினொன்றில் ஏ7, கடைசியில் ஈ7. பின்னணியை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, கிட்டாரை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். டி7 எந்த இடத்தில் வந்தது என்று அந்தப் பதிவிலிருந்து சொல்ல முடிகிறதா?

முடியவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஐந்தாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஏ மைனர் பென்டடானிக் பெட்டி, அதாவது ஐந்து ஸ்வர ஸ்கேலின் விரல் அமைப்பு. பன்னிரண்டு பாரையும் அதற்குள்ளேயே ஓட்டிவிடுகிறோம். காதுக்கு உறுத்தாது, ஆனால் கார்ட் நகர்வதும் கேட்காது.

கார்டைக் காட்டிக்கொடுக்கும் ஸ்வரங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது கம்பி, ஆறாம் ஃப்ரெட்: சி ஷார்ப். இரண்டாவது கம்பி, எட்டாம் ஃப்ரெட்: ஜி. ஏ7-இன் தேர்டும் செவன்த்தும் (கார்டின் ஆதார ஸ்வரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதும்) இவைதான். இரண்டையும் ஒரே ஒரு ஃப்ரெட் இறக்குங்கள். சி, எஃப் ஷார்ப். இப்போது கையில் இருப்பது டி7-இன் செவன்த்தும் தேர்டும். அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் ஏறினால் டி, ஜி ஷார்ப், ஈ7 வந்துவிட்டது. மூன்று கார்டும் ஒரு கையகலத்துக்குள் அடங்குகின்றன. இதை முதன்முதலில் காதால் கேட்ட நாளை நான் மறக்கவே மாட்டேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் செய்யும் தவறு, ஒவ்வொரு கார்டுக்கும் ரூட்டுக்கு, அதாவது அதன் ஆதார ஸ்வரத்துக்குத் தாவி, அங்கிருந்து ஆர்பெஜியோவை (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) வரிசையாக ஏறுவது. அது பாடப் பயிற்சி போலத்தான் ஒலிக்கும். ரூட்டை பேஸ் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறது. விரல் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள தேர்டையோ செவன்த்தையோ பிடியுங்கள். நடுவில் வேறு ஸ்வரங்கள் தாராளமாக வரட்டும். கார்ட் ஸ்வரங்களை மட்டுமே வாசித்தாலும் சோலோ வறண்டுவிடும்.

ஏ7 மேல் சி வந்தால் பதறாதீர்கள். கம்பியை இழுத்து அதை லேசாக பெண்ட் செய்து சி ஷார்ப் பக்கம் தள்ளுவதில்தான் ப்ளூஸின் ருசியே இருக்கிறது. டி7 மேல் சி ஷார்ப்பை நீட்டிப் பிடிப்பதுதான் கடிக்கும், ஏனென்றால் அந்தக் கார்டுக்குள் சி ஒலித்துக்கொண்டிருக்கிறது. கடந்து போகும் ஸ்வரமாகத் தொட்டுவிட்டுப் போகலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது தாமதம். கார்ட் மாறிய பிறகு ஸ்வரத்தைத் தேடினால், கிடைப்பதற்குள் பாதி பார் போய்விடும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, பாருக்கு ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வாசித்துப் பழகுங்கள். நான்காவது பார் முழுக்க ஜி-யில் நின்றால், டி7 விழும் அதே கணத்தில் எஃப் ஷார்ப்புக்கு இறங்க விரல் காத்திருக்கும்.