குட்டி ஆர்க்கிட் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

லெபாந்தஸ், மாஸ்டெவாலியா, ஹராயெல்லா மாதிரி குட்டி ஆர்க்கிட்களை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "இலை சுருங்குதே, தண்ணி போதலையா?" போதாமல் இருக்கலாம். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியிருக்கவும் கூடும். இரண்டிலுமே செடிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதால் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். இலையை மட்டும் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால், அழுகல்தான் பரவும்.

தொட்டியின் ஓரத்தில், மண்ணுக்குப் பதிலாகச் செடியை நட்டிருக்கும் ஸ்பாக்னம் பாசியை இடுக்கியால் லேசாக விலக்குங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். ஹராயெல்லா போன்றவற்றின் வேர் காய்ந்திருக்கும்போது வெளிர் சாம்பலாக இருக்கும், நனைந்ததும் பச்சையாகிவிடும். லெபாந்தஸின் வேர் நூல் மாதிரி மெல்லியது. அதில் நிறத்தை நம்ப முடியாது, மெதுவாக இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அழுகியிருந்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், நடுநரம்பு மட்டும் மிஞ்சும்.

அழுகல் என்று தெரிந்தால், பழைய பாசியை முழுக்க எடுத்துவிட்டு, செத்த வேர்களைச் சுத்தம் செய்த கத்தரியால் வெட்டுங்கள். மிச்ச வேர்கள் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டி போதும். ஊறவைத்துப் பிழிந்த புது ஸ்பாக்னம் பாசியைத் தளர்வாக வையுங்கள். அழுத்தித் திணித்தால் உள்ளே காற்று போகாது. அப்புறம் மூடியுள்ள கண்ணாடி டப்பாவில், நேர் வெயில் படாமல் வைத்து, தினமும் சற்று நேரம் திறந்துவிடுங்கள். புது வேர் வரும்வரை உரம் வேண்டவே வேண்டாம். பாசி குழைந்து புளித்த வாடை அடித்தால், வேர் நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

வேர் நன்றாக இருந்தும் இலை சுருங்கினால்தான் அது வறட்சி. லெபாந்தஸ், மாஸ்டெவாலியாவுக்கெல்லாம் தண்ணீரைச் சேமிக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. அதனால் பாசி எப்போதும் ஈரமாக இருக்கணும், சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. மரப்பட்டையில் கட்டிய செடிகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். காற்று வறண்டிருந்தால் இரண்டு வேளை.

இலை நுனி கருகினால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரிலுள்ள உப்பை. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் குறைத்து, மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் பாசியை நன்றாக அலசிவிடுங்கள்.

வெப்பம்தான் பிரச்சினை என்றால் அதற்குக் குறுக்குவழி இல்லை. மாஸ்டெவாலியாவிலும் லெபாந்தஸிலும் பல இனங்கள் மலையுச்சி மேகக் காடுகளிலிருந்து வந்தவை. இரவில் குளிர்ச்சி இல்லாவிட்டால் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்க்கும். தண்ணீர் தெளிப்பதால் அது சரியாகாது. அறையைக் குளிர வைக்க வழியில்லை என்றால், தைவானைச் சேர்ந்த ஹராயெல்லா, கரீபியன் தீவுகளின் டொலும்னியா மாதிரி வெப்பம் தாங்குபவற்றை வளர்ப்பதே நல்லது. செடியை வாங்கிக் கொல்வதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மொட்டு விரியாமலே பழுத்து உதிர்ந்தால், பக்கத்தில் பழக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். ஈரப்பதம் சட்டென்று குறைந்தாலும் இதேதான் நடக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வேர் வளராமல் நின்று, நுனி மட்டும் மழுங்கிப் போயிருந்தால் அது நத்தை வேலையாக இருக்கலாம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறம், பகலில் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும். இருட்டியதும் ஒரு உருளைக்கிழங்குத் துண்டைப் பாசிமேல் வைத்து, சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் புரட்டிப் பாருங்கள், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துப் போட்டுவிட்டு, சில வாரங்கள் இதையே திரும்பச் செய்யணும், ஏனென்றால் முட்டைகள் பாசிக்குள் இருக்கும்.

பூ உதிர்ந்த காம்பை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். லெபாந்தஸ் அதே காம்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். முழுக்கக் காய்ந்து பழுப்பானபின் வெட்டினால் போதும்.