பழைய பலகையை நேராக அறுக்க
லயத்துக் (தேயிலைத் தோட்ட வரிசை வீட்டுக்) கூரையைப் பிரித்தபோது கிடைத்த பழைய பலகையா? வட்ட வாளை எடுக்கும் முன் ஆணிகளைத் தேடுங்கள். தலை முறிந்து உள்ளே நிற்கும் ஆணிதான் பெரிய ஆபத்து. காந்தத்தை மெதுவாக நகர்த்தினால் பிடிபடும்.

பலகையின் பழைய ஓரத்தை நம்ப வேண்டாம், பெரும்பாலும் வளைந்திருக்கும். வாளின் அடித்தட்டு ஓரத்திலிருந்து பல் வரை அளந்து, வெட்டுக் கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி ஒரு நேரான சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அடித்தட்டு அதை ஒட்டியே ஓடட்டும். பலகைக்குக் கீழே வாள் 6 மில்லிமீட்டர் நீண்டால் போதும். ஆழத்தை மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், நுவரெலியா பனிமூட்டத்தில் கிடந்த ஈரப் பலகை வாளை இறுக்கிப் பின்னால் உதைக்க வைக்கும். நன்றாகக் காயவிடுங்கள். வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.