வாத்தை அடைக்கு வைக்கும்போது பென்சில் கோட்டை மறக்காதீர்கள்

எங்கள் பெட்டை வாத்து முதல்முறை அடையில் உட்கார்ந்தபோது பன்னிரண்டு முட்டைக்கு நான்கு குஞ்சுதான் கிடைத்தது. நான்கையும் கூட்டிக்கொண்டு அது எழுந்து போய்விட்டது. ஆறிப்போன முட்டை ஒன்றைக் காதில் வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம். மறுநாள் அதுவும் நின்றுவிட்டது. தப்பு என்னுடையது, அதை 2-ஆம் படியில் சொல்கிறேன்.

ஆண் வாத்து கூடவே இருக்கிறது, பூனை நுழையாத கூடும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அடைதானா என்று பாருங்கள்

முட்டையிட்டுவிட்டு எழுந்து போனால் அது அடை இல்லை. முட்டை சேரட்டும், தொடர்ந்து சூடு படாதவரை கரு வளராது. நெஞ்சுப் பஞ்சைப் பிடுங்கி முட்டைக்கு மெத்தை போடும், கையை நீட்டினால் தட்டையாகப் படுத்துச் சீறும், இரவும் எழாது. அப்போதுதான் நிஜமான அடை. பெக்கின், காக்கி கேம்பல் வகைகள் அடைக்கு உட்காருவது அபூர்வம். என்னைக் கேட்டால் மஸ்கோவிதான், அதற்குப் பிடிவாதம் அதிகம்.

2. கோடு போடுங்கள்

அடை உட்கார்ந்த இடத்தில் மற்ற வாத்துகளும் வந்து முட்டையிட்டுப் போகும். அடைவாத்து எல்லாவற்றையும் தன்னுடையதாகவே அணைத்துக்கொள்ளும். முதல் குஞ்சுகள் நடக்க ஆரம்பித்ததும் அது கிளம்பிவிடும். மூன்று நாள் பிந்திய முட்டைகளின் கதி மேலே சொன்னதுதான்.

அதனால் முதல் நாளே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். சின்னப் புள்ளி போதாது. வாத்து முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும், புள்ளி அடியில் போய்விடும். இடுப்புக்கயிறு கட்டியதுபோல் சுற்றிப் போட்டால் எந்தப் பக்கம் புரண்டாலும் தெரியும். மார்க்கர் வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கும். பென்சில் அழிந்தால் திரும்பப் போடுங்கள். அப்புறம், அது குளிக்கப் போகிற நேரம் பார்த்து, கோடில்லாத முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். அழுக்காக இருக்கிறதென்று முட்டையைக் கழுவாதீர்கள்.

3. டார்ச் அடித்துப் பார்ப்பது

8 முதல் 10 நாளுக்குள், இருட்டில். சிலந்திக்கால் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடிக்கும், அந்த நாற்றம் லேசில் போகாது.

4. சும்மா இருங்கள்

தீனியும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். குளித்து ஈர இறகோடு வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள், அந்த ஈரம் முட்டைக்கு நல்லது. கடைசி மூன்று நாள் தொடவே கூடாது.

5. பொரிப்பு

28-ஆம் நாள் வாக்கில். ஓட்டில் விரிசல் விழுந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். உரித்து உதவப் போனால் ரத்தம் கசியும். பொரிந்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது.

பிறகு சேர்த்தது: 30 நாளாகியும் பொரிக்கவில்லை, தூக்கிப்போடவா என்று ஒருவர் கேட்டார். விசாரித்தால் அவருடையது மஸ்கோவி! அதற்கு 35 நாள் ஆகும். இன்னொருவர் வீட்டில் குஞ்சு தண்ணீர்ச் சட்டியில் மூழ்கிவிட்டது. ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். அலகு முழுதும் நனைகிற அளவு தண்ணீர் போதும்.