ஜம்ப் சீட்டில் இருக்கும்போது எப்போது வாய் திறக்கலாம்?

நீங்கள் ஒரு பைலட்; டியூட்டி இல்லாமல் காக்பிட் ஜம்ப் சீட்டில் (விமானிகளுக்குப் பின்னால் உள்ள கூடுதல் இருக்கையில்) போகிறீர்களா? கிளம்பும் முன்பே, "ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லட்டுமா, கேப்டன்?" என்று கேட்டுவிடுங்கள். அமெரிக்க விதிப்படி 10,000 அடிக்குக் கீழே அரட்டை கூடாது. பாதுகாப்புப் பேச்சுக்கு அந்தத் தடை இல்லை. தவறான ரன்வே, அனுமதித்த உயரத்தைத் தாண்டுவது என்றால் உடனே சொல்லுங்கள். பார்த்ததை மட்டும்: "ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இன்னும் ஜீரோவில் இருக்கு." பதில் இல்லையா, இன்னும் சத்தமாக. சுவிட்சில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து பறந்த லயன் ஏர் 737 மேக்ஸ் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருந்தது. காக்பிட் ஜம்ப் சீட்டில் மூன்றாவதாக ஒரு பைலட் இருந்தார். டிரிம் மோட்டாரை (வால் இறக்கையை அசைத்து மூக்கை ஏற்றி இறக்கும் மோட்டாரை) அணைத்தபின் விமானம் பத்திரமாக ஜகார்த்தா சேர்ந்தது.

அப்புறம், கேப்டன் தரையிறக்கும் பாணி பிடிக்கவில்லை என்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை.