கப்பல் வேலையின் பலனைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

கை நிறையச் சம்பளம், காசில்லாமல் உலகச் சுற்றுலா. கப்பல் வேலைக்குக் கிளம்புகிற பலரும் போடும் கணக்கு இதுதான். இரண்டிலுமே பாதிதான் உண்மை.

சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம். பெரிய கன்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோதான் நிற்கும். சரக்கு வேலை, எண்ணெய் நிரப்புவது, ஆய்வுக்கு வருகிறவர்கள் என்று அந்த நேரமும் ஓடிவிடும். ஊர் பார்க்கும் ஆசை இருந்தால் எந்த வகைக் கப்பல், எந்தத் தடம் என்று விசாரித்துச் சேர வேண்டும்.

சம்பளத்தை 12 மாதத்துக்குப் பெருக்கிப் பார்ப்பது அடுத்த தவறு. பல நிறுவனங்கள் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம் தருகின்றன. கடன் தவணையோ லீவிலும் ஓடும். சாப்பாடும் தங்குமிடமும் கப்பலிலேயே கிடைப்பதால் சேமிப்பு சுலபம்தான். அதை முதல் கான்ட்ராக்டிலேயே பெரிய கடனுக்கு அடகு வைத்துவிட்டால் அப்புறம் லீவு எடுக்கவே பயம் வரும். கான்ட்ராக்டை நீட்டிக்கொண்டே போவார்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது சர்வதேச விதி. ஓய்வு நேரத்தை எழுதிவைக்கும் பதிவேட்டைப் பொய்யாக நிரப்பிப் பழகினால் தேய்வது நம் உடம்புதான். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடை செய்கிறது.

பெரிய இழப்பு கேடட் காலத்தில், அதாவது அதிகாரியாவதற்கு முன் கப்பலில் பயிற்சி பெறும் மாதங்களில்தான் நடக்கிறது. பயிற்சிப் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்புகிறவர்கள் உண்டு. கையெழுத்து கிடைத்துவிடும், தொழில் கிடைக்காது. வழக்கமாகக் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபிஸர் பார்ப்பது 4–8 வாட்ச், அதாவது காலையிலும் மாலையிலும் 4 முதல் 8 மணி வரை கப்பல் ஓட்டத்தைக் கவனிக்கும் முறை. விடியலிலும் அந்தியிலும் நட்சத்திரமும் அடிவானமும் ஒருசேரத் தெரிகிற சில நிமிடங்கள் அதில்தான் பெரும்பாலும் வரும். நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியை எடுத்துக் கப்பல் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டு, அதை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கேடட்டுக்கு வரும் தெம்பு, கேபினில் போனோடு கிடக்கிறவருக்கு வராது. இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒரு முழுக் கப்பலின் வாட்சைப் பொறுப்பேற்பது இந்தத் தொழில் தரும் அரிய பரிசு என்பேன். அதற்கான தயாரிப்பு இந்த மாதங்கள்தான்.

மாதக்கணக்கில் தொடர்ச்சியான லீவு கரை வேலையில் அபூர்வம். அதை முழுக்கப் பயிற்சி வகுப்புகளுக்கும் விருந்துகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உத்தரவு போடத் தொடங்குவதும் வேண்டாம். நீங்கள் இல்லாத மாதங்களில் அங்கே வேறு கேப்டன் இருந்திருக்கிறார்.

சிலர் லீவை வருடக்கணக்கில் நீட்டி, நினைத்தபோது திரும்பலாம் என்று இருப்பார்கள். அதிகாரிகளின் தகுதிச் சான்றிதழை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த 5 ஆண்டில் மொத்தம் 12 மாதமோ, கடைசி 6 மாதத்துக்குள் 3 மாதமோ கடல் சேவை இருந்தால் சிக்கலில்லை. இல்லையென்றால் மறுபடி வகுப்பு, தேர்வு என்று அலைய நேரிடலாம்.