புது கெக்கோவுக்கு முதல் 90 நாள்: தனியாக வைத்துப் பார்ப்பது எப்படி?

புது கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) கைக்கு வந்ததும் பழையவற்றின் பக்கத்திலேயே வைத்து அழகு பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கொழுகொழுவென்று இருக்கும் பல்லியின் குடலிலும் கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற ஒட்டுண்ணி மாதக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளி போட்ட வகைக்கு அது முற்றினால் வால் குச்சிபோல ஆகிவிடும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. 30 நாள் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் 90 நாளுக்கு ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன்.

முதலில் இடம். வேறு அறை இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழைய பெட்டிகளுக்கு எட்டாத ஒரு மூலை.

அடுத்தது பெட்டி. காற்றுத் துளை போட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். தரையில் மண், மணல், தேங்காய் நார் எதுவும் வேண்டாம், டிஷ்யூ பேப்பர்தான். எச்சம் பளிச்சென்று தெரியும், தினமும் மாற்றிவிடலாம். ஒளிந்துகொள்ளச் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள், சட்டை உரிக்க ஈர டிஷ்யூ போட்ட மூன்றாவது ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். லெப்பர்ட் கெக்கோ என்றால் சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடாதீர்கள். சூடு சரியில்லாவிட்டால் அது சாப்பிடாது, நீங்கள் நோய் என்று பயந்துவிடுவீர்கள்.

முதல் வாரம் தொடாமல் விடுங்கள். புது இடத்தில் சில நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒரு நோட்டும், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், உணவு கொடுப்பதற்கு முன் எடை போட்டு எழுதுங்கள். வாலை மேலிருந்து பாருங்கள்: நன்றாக இருக்கும் லெப்பர்ட் கெக்கோவின் வால், தடித்த இடத்தில் கிட்டத்தட்ட கழுத்தளவு இருக்கும். அடிவாலின் இரண்டு பக்கமும் உள்வாங்கி நடுவில் எலும்பு மேடு தெரிய ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். எச்சம் கெட்டியான பழுப்புத் துண்டும், ஓரத்தில் வெள்ளைக் கட்டியுமாக இருக்க வேண்டும். தண்ணீராகப் போவது, செரிக்காத பூச்சி அப்படியே வருவது, தின்றதைக் கக்குவது எல்லாம் எச்சரிக்கை. விரலிடுக்கிலும் கண்ணோரத்திலும் நகரும் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அவை உண்ணிகள்.

எதுவும் தெரியாவிட்டாலும், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் புது எச்சத்தைக் கொடுத்துச் சோதியுங்கள். உடனே போக முடியாவிட்டால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். கிரிப்டோவுக்கு, அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒட்டுண்ணி எல்லா எச்சத்திலும் வெளிவராது. ஒருமுறை 'இல்லை' என்று வந்ததை நம்பி நிறுத்தாமல், சில வார இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பாருங்கள்.

இனி தினசரி ஒழுங்கு. நோயைப் பெரும்பாலும் சுமந்து போவது நம் கைதான். அதனால் பழைய கெக்கோக்களின் வேலையை முடித்துவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனியுங்கள். இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் தனி. நான் இடுக்கியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். மிஞ்சிய பூச்சியைப் பொது டப்பாவில் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை பழக்கதோஷத்தில் ஒரே ஒரு புழுவைத் திரும்பப் போட்டுவிட்டு, டப்பா முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் சோப்பால் கையைத் தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசரும் சரி, பிளீச்சும் சரி, கிரிப்டோவை அசைக்காது. கொதிநீர் அதைக் கொல்லும், அதனால் கிண்ணத்தைச் சில நிமிடம் கொதிக்க வைக்கலாம். சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவாதீர்கள், சால்மோனெல்லா நமக்கும் வரும்.

நடுவில் ஏதாவது நோய் தெரிந்தால், சிகிச்சை முடிந்த நாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அதே அறைக்கு இன்னொரு கெக்கோ வந்தாலும் இரண்டுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

90 நாளும் எடை குறையாமல், சோதனைகளும் சுத்தமாக வந்தால், சரி, மற்றவற்றின் அறைக்குக் கொண்டுபோகலாம். பழைய மறைவிடங்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்; சிவப்பு டேப் இடுக்கி, புதியதைத் தனியாக வைத்திருந்த இடத்திலேயே இருக்கட்டும்.